நாலரை வயதில் விரல் சூப்பும் மகள்: முதலில் வேப்பெண்ணெயை எடுத்து வையுங்கள்

கேள்வி: என் மகளுக்கு நாலரை வயது, எல்.கே.ஜி. படிக்கிறாள். கைக்குழந்தையில் இருந்தே வலது கட்டை விரலைச் சூப்புவாள். மூன்று வயதில் நன்றாகக் குறைந்திருந்தது. எட்டு மாதத்துக்கு முன் தம்பி பிறந்ததும் மறுபடி கூடிவிட்டது. தூங்கும்போதும் டிவி பார்க்கும்போதும் விரல் வாயில்தான். மாமியார் வேப்பெண்ணெய் தடவுகிறார். அதைப் பாவாடையில் துடைத்துவிட்டுச் சூப்புகிறாள். எத்துப்பல் ஆகிவிடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். எப்படி நிறுத்துவது?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: இன்றே வேப்பெண்ணெய் பாட்டிலை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். கசப்புதானே, என்ன செய்யும் என்று நினைக்கிறோம். ஆனால் அது சிறு குழந்தைகளின் வயிற்றுக்குள் போனால் வாந்தி, மயக்கம், வலிப்பு வரைக்கும் கொண்டுபோய் விடக்கூடும். சில வீடுகளில் மிளகாய்த்தூள் தடவுவார்கள். அதே கையால் குழந்தை கண்ணைக் கசக்கினால் என்ன ஆகும்? உங்கள் மாமியார் அக்கறையில்தான் செய்கிறார். அவரிடம் இதை அப்படியே எடுத்துச் சொல்லுங்கள்.

விரல் சூப்புவது கெட்ட புத்தி அல்ல. தாயின் வயிற்றில் இருக்கும்போதே சிசு விரல் சூப்புவதை ஸ்கேனில் பார்க்கிறோம். பெரும்பாலான குழந்தைகள் 2 வயதிலிருந்து 4 வயதுக்குள் தாமாகவே விட்டுவிடுகிறார்கள். உங்கள் மகளும் விட்டுக்கொண்டிருந்தவள்தான். அம்மாவின் மடியில் தம்பி வந்து உட்கார்ந்ததும், அவளுக்கென்று மிச்சம் இருந்த ஆறுதலுக்குத் திரும்பிப் போயிருக்கிறாள். அந்த ஆறுதலுக்கு ஈடாக ஒன்றைக் கொடுக்காமல் விரலை மட்டும் பிடுங்க முடியாது. திட்டினால் போர்வைக்குள் ஒளிந்துகொண்டு சூப்புவாள், அவ்வளவுதான்.

பல்லைப் பற்றிய பயம் நியாயமானது. ஆனால் இன்னும் நேரம் இருக்கிறது. விரல் உள்ளே இருக்கும்போது மேல் முன்பற்களை வெளியே தள்ளுகிறது, கீழ்ப் பற்களை உள்ளே அழுத்துகிறது. நாக்கு தாழ்ந்து கிடப்பதால், இரண்டு பக்கமும் கன்னங்கள் அழுத்தி மேல் தாடை குறுகிப்போகிறது. எத்தனை மணி நேரம், எவ்வளவு அழுத்தமாகச் சூப்புகிறாள் என்பதைப் பொறுத்துத்தான் பாதிப்பு. சும்மா விரலை வாயில் வைத்திருப்பதும், கன்னம் உள்வாங்கி 'சப் சப்' என்று சத்தம் வரச் சூப்புவதும் ஒன்றல்ல.

வீட்டிலேயே பார்க்கலாம். கடைவாய்ப் பற்களைக் கடித்துக்கொண்டு 'ஈ' காட்டச் சொல்லுங்கள். மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவில் ஓட்டை மாதிரி இடைவெளி தெரிகிறதா? தோசையை முன்பல்லால் கடிக்காமல் ஓரப்பல்லால் கடித்து இழுக்கிறாளா? அப்படியென்றால் பாதிப்பு தொடங்கிவிட்டது. பயப்பட வேண்டாம். நிலைப்பற்கள் 6 வயதை ஒட்டி முளைக்கத் தொடங்கும். அதற்குள் பழக்கம் நின்றுவிட்டால் இந்த முன்பல் இடைவெளி பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். தாடை குறுகி, பக்கப் பற்கள் மாறிக் கடிப்பது, அதாவது மேல் பல் கீழ்ப் பல்லுக்கு உள்பக்கமாக இறங்குவது மட்டும் அவ்வளவு எளிதில் தானாகச் சரியாகாது.

சரி, எப்படி நிறுத்துவது? மூன்று நான்கு நாள் ஒன்றும் சொல்லாமல் கவனியுங்கள். விரல் எப்போது வாய்க்குப் போகிறது? நீங்கள் தம்பிக்குப் பால் கொடுக்கும் நேரமாக இருக்கும் என்பது என் ஊகம். அப்படியானால் அந்த நேரத்தில் அவளையும் பக்கத்தில் ஒட்டி உட்கார வைத்து, அவள் கையை உங்கள் கைக்குள் வைத்துக்கொண்டு கதை சொல்லுங்கள். நாளில் பதினைந்து நிமிடமாவது தம்பி இல்லாமல் அவளோடு மட்டும் இருங்கள். நான் சொல்வதில் மற்ற எதை விட்டாலும் இதை விட்டுவிடாதீர்கள். டிவி பார்க்கும்போது உருட்ட ஒரு பிடி சப்பாத்தி மாவு, உரிக்கக் கொஞ்சம் பச்சைப் பட்டாணி கொடுங்கள். கைக்கு வேலை இருந்தால் வாய்க்குப் போகாது.

அப்புறம் அவளிடமே பேசுங்கள். நாலரை வயதுக்குப் புரியும். "விரலை எடு" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லாமல், உங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு சைகை வைத்துக்கொள்ளுங்கள், மூக்கைத் தொடுவது மாதிரி. மாதக் காலண்டரில், பகலில் சூப்பாமல் இருந்த நாளில் அவள் கையாலேயே ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டட்டும். ஒட்டாத நாளைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம். ஐந்து பொட்டு சேர்ந்தால் பூங்காவுக்குப் போகலாம்.

இரவுப் பழக்கம் கடைசியில்தான் போகும். பகலில் நன்றாகக் குறைந்த பிறகு அதைத் தொடுங்கள். பாட்டியின் பழைய பருத்திச் சேலைத் துண்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு தூங்கட்டும். அவள் சம்மதித்தால் கையில் ஒரு சாக்ஸ் மாட்டிவிடலாம். இது தண்டனை அல்ல, தூக்கத்தில் ஞாபகப்படுத்த மட்டுமே. கையைக் கட்டிப்போடுவது கூடவே கூடாது. தூங்கியபின் விரலை மெதுவாக எடுத்துவிடுங்கள்.

முழுசாக விட வாரங்கள், ஏன் மாதங்கள்கூட ஆகலாம். காய்ச்சல் வந்தாலோ பள்ளி திறந்தாலோ திரும்ப வரும். அப்போது மறுபடி பொட்டிலிருந்து ஆரம்பியுங்கள். அதுவரை நகத்தை ஒட்ட வெட்டி, கையை அடிக்கடி கழுவிவிடுங்கள். நகச்சுத்தியும் கீரிப்பூச்சியும் இந்த வழியாகவும் வரலாம்.

விரல் தோல் வெடித்துச் சீழ் வைத்தால் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். மேலே சொன்ன இடைவெளியோ பக்கப் பல் மாற்றமோ தெரிந்தால், ஒருமுறை குழந்தைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு பல் மருத்துவக் கல்லூரிகளிலும் இதற்கான துறை இருக்கிறது. மேல் அண்ணத்தில் கம்பி பொருத்தும் வழியும் உண்டு. ஆனால் அது நிலைப்பல் முளைக்கும் வயதிலும் பழக்கம் நிற்காத, தானே விட விரும்பும் குழந்தைக்கு. உங்கள் மகளுக்கு இப்போது அது தேவைப்படாது.