பரணை அறையாக்கலாமா? வாசகர் கேள்விகளும் பொறியாளர் பதில்களும்

சாய்ந்த கூரைக்கும் அதன் கீழுள்ள உள்கூரைக்கும் இடையே பயனின்றிக் கிடக்கும் பரணை, குடியிருக்கத்தக்க அறையாக மாற்றுவது குறித்து வந்த கடிதங்களுள் சிலவற்றை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். விடையளிப்பவர், பழைய வீடுகளைச் செப்பனிட்டு விரிவாக்கும் பணியில் ஈடுபட்டுள்ள கட்டமைப்புப் பொறியாளர்.

கேள்வி: எங்கள் ஓட்டு வீட்டுப் பரணில் பெட்டிகள், பழைய கட்டில், புத்தக மூட்டைகள் எனப் பல ஆண்டுகளாகப் பாரம் இருந்துவருகிறது, இதுவரை ஒரு விரிசல்கூட விழவில்லை. அங்கே மகளுக்கு ஒரு படிப்பறை அமைக்க விரும்புகிறோம். இருக்கிற சட்டங்களின்மேல் பிளைவுட் அடித்துவிட்டால் போதும் என்கிறார் தச்சர். போதுமா?

பதில்: போதாது. நீங்கள் தரை என்று கருதுவது உண்மையில் கீழ் அறையின் உள்கூரையாகும். அதைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள், தம் எடையையும், அடியில் அறையப்பட்ட பலகையின் எடையையும், எப்போதாவது மேலே ஏறிப் பார்க்கும் ஓர் ஆளின் எடையையும் தாங்குவதற்கென்றே அளவெடுத்துப் போடப்பட்டவை. அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, பொருள் வைக்காத பரணுக்குச் சதுர அடிக்கு 10 பவுண்டு சுமையையும், மனிதர் புழங்கும் பரண் அறைக்கு 30 பவுண்டு சுமையையும் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. சதுர மீட்டருக்கு 50 கிலோ தாங்கவேண்டிய இடம் 150 கிலோ தாங்கவேண்டியதாகிறது என்று தோராயமாகக் கொள்ளலாம். பெட்டிகள் இருந்தும் ஒன்றும் ஆகவில்லையே என்ற வாதத்தைப் பலரும் முன்வைக்கிறார்கள். பரணில் ஏற்றப்படும் பெட்டிகள் பெரும்பாலும் கூரை தாழும் ஓரங்களில், சுவரை ஒட்டித் தள்ளப்படுகின்றன. சட்டத்தின் முனையருகே உள்ள பாரம் அதை அதிகம் வளைப்பதில்லை. மனிதரோ தலை இடிக்காத இடமான நடுப்பகுதியில்தான் நடப்பார், அதுவும் அதிர்வோடு நடப்பார். சட்டம் முறியாவிட்டாலும், அது தொய்யும்போது கீழ் அறையின் பூச்சில் கோடு கோடாக விரிசல் விழும்.

இங்கே மரத்தின் உயரம் எவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லவேண்டும். ஒரு சட்டத்தின் அகலத்தை இரட்டிப்பாக்கினால் வளைவை எதிர்க்கும் விறைப்பு இரண்டு மடங்காகும். உயரத்தை இரட்டிப்பாக்கினாலோ அது எட்டு மடங்காகும். ஆகவே, இருக்கிற சட்டத்தின் பக்கத்தில் அதே அளவுள்ள இன்னொன்றைச் சேர்த்து ஆணி அடிப்பதால் கிடைக்கும் பயன் சிறிது. பழைய சட்டங்களுக்கு இடையில் உயரம் கூடிய புதிய சட்டங்களைப் போடுவதே முறையான வழி. அவற்றை உள்கூரைப் பலகையைத் தொடாதவாறு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே நிறுத்தினால், மேலே நடக்கும்போது ஏற்படும் சிறு வளைவு கீழ்ப் பூச்சுக்குக் கடத்தப்படாது. இரண்டுக்கும் இடையிலுள்ள வெளியில் கனிமக் கம்பளியை (பாறை அல்லது கண்ணாடி இழைகளாலான பஞ்சு போன்ற தடுப்புப் பொருள்) நிரப்பினால் காலடி ஓசையும் ஓரளவு அடங்கும்.

அப்படியானால் பழைய சட்டங்களைக் கழற்றிவிடலாமா என்று தச்சர் கேட்கக்கூடும், கூடவே கூடாது. முகட்டில் ஒன்றையொன்று சாய்ந்து நின்று ஓட்டைத் தாங்கும் சாய்மரங்களான கைமரங்களின் அடிப்பகுதி எப்போதும் வெளிப்புறமாக விலகப் பார்க்கும், தன்னோடு சுவர்களையும் தள்ளப் பார்க்கும். அதை இருபுறமும் இழுத்துப் பிடித்திருப்பது இந்தக் குறுக்குச் சட்டங்களே. படிக்கட்டுக்காக அவற்றுள் சிலவற்றை வெட்டவேண்டி வந்தால், வெட்டிய முனைகளை ஏந்துவதற்குத் திறப்பின் நான்கு புறமும் இரட்டைச் சட்டம் கொடுத்து, இழுவிசைக்கு மாற்றுவழியையும் வரைபடத்திலேயே காட்டவேண்டும். புதிய சட்டங்கள் எந்தச் சுவரில் அமர்கின்றன, அந்தச் சுவர் அடித்தளம்வரை இறங்குகிறதா, அல்லது அறையைப் பிரிப்பதற்காகப் பின்னாளில் எழுப்பிய மெல்லிய தடுப்புதானா என்பதையும் பார்த்தாகவேண்டும். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை ஒருமுறை அழைத்து, மேலே ஏற்றிப் பார்க்கச் செய்துவிட்டுத் தச்சரிடம் வேலையை ஒப்படையுங்கள்.

கேள்வி: எங்கள் கூரை முக்கோணச் சட்டகங்களால் ஆனது. ஒவ்வொன்றின் நடுவிலும் மெல்லிய குச்சிகள் சாய்வாகக் குறுக்கிட்டு, நடக்கவே இடமில்லாமல் செய்கின்றன. ஒன்றுவிட்டு ஒன்றையேனும் அறுத்துவிடலாமா?

பதில்: ஒன்றைக்கூட அறுக்காதீர்கள். தொழிற்சாலையில் இணைத்துக் கொண்டுவரப்படும் அத்தகைய சட்டகங்களில் ஒவ்வொரு குச்சியும் இழுவிசையையோ அழுத்தத்தையோ ஏற்று நிற்கிறது; அவற்றை நம்பித்தான் மற்ற மரங்களை அவ்வளவு மெல்லியதாகப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கூரையின் கீழ் அறை வேண்டுமென்றால், பொறியாளரின் கணக்குப்படி எஃகு உத்தரங்களைப் புகுத்திச் சுமையை முழுவதுமாக மாற்றிய பின்னரே குச்சிகளை எடுக்கமுடியும். அது கூரையையே மறுபடி அமைப்பதற்கு நிகரான வேலை. என்னைக் கேட்டால், பக்கத்தில் வெற்றிடம் இருக்கும் வீட்டார் தரைமட்டத்தில் ஓர் அறை கூட்டிக்கொள்வதே மேல்.

கேள்வி: முகட்டின் நடுவே கணவர் நிமிர்ந்து நிற்கிறார், பக்கங்களில் குனியவேண்டியிருக்கிறது. இந்த உயரம் போதுமா? இடத்தை மிச்சப்படுத்த மடக்கு ஏணி வைக்கலாம் என்று நினைக்கிறோம்.

பதில்: இப்போது அளக்கும் உயரம் முழுவதும் உங்களுக்குக் கிடைக்காது. புதிய தரைச் சட்டமும் பலகையும் கீழிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டரையும், வெப்பத்தடுப்பும் உள்பலகையும் மேலிருந்து ஏறத்தாழ அதே அளவையும் எடுத்துக்கொள்ளக்கூடும். அதைக் கழித்தபின் கணவர் நிமிர்ந்து நிற்க முடிகிறதா என்று பாருங்கள். மேலே சொன்ன அமெரிக்க விதித்தொகுப்பு ஓர் அறைக்குக் குறைந்தது 70 சதுர அடி வேண்டும் என்கிறது. சாய்கூரையின் கீழ் அதில் பாதிக்கேனும் 7 அடி உயரம் இருக்கவேண்டும், 5 அடிக்குக் குறைந்த இடம் அந்தக் கணக்கில் சேராது. உங்கள் பகுதியின் விதி வேறாக இருக்கலாம். அனுமதி கோரும்போது உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தாழ்ந்த ஓரங்கள் வீணாவதில்லை, அலமாரியாகவோ கட்டிலின் தலைமாடாகவோ அமைந்துவிடும்.

ஏணி யோசனையைக் கைவிடுங்கள். ஏணியால் மட்டுமே எட்டக்கூடிய அறை சில மாதங்களில் மறுபடியும் பொருள் போடும் பரணாகவே ஆகிவிடும். இரவில் தூக்கக் கலக்கத்தில் இறங்குவோருக்கு அது ஆபத்தும்கூட. தரைக்கும் மேல்தளத்துக்கும் இடையே 2.7 மீட்டர் இருந்து, ஒவ்வொரு படியும் 18 சென்டிமீட்டர் ஏறுவதாக வைத்தால் 15 ஏற்றங்கள் தேவை; மிதிப்பலகை 25 சென்டிமீட்டர் என்றால் 14 மிதிகளுக்கு 3.5 மீட்டர் நீளம் செலவாகும். மேலும் கீழும் நின்று திரும்ப இடம் வேண்டும். ஏறுபவரின் தலைக்குமேல் 2 மீட்டரேனும் வெறுமையாக இருக்கவேண்டும். ஆகவே படிக்கட்டின் உச்சி முகட்டுக்கு நேர்கீழாக வந்துசேர்ந்தால்தான் சரிப்படும். கீழ்த்தளத்தில் அப்படியோர் இடத்தை விட்டுக்கொடுக்க முடியுமா என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். ஒரு படுக்கையறையைப் பாதியாக்கிப் படிக்கட்டு வைத்து, மேலே ஒரு சிற்றறை பெறுவது பெரும்பாலும் இலாபமான பரிமாற்றமன்று.

கேள்வி: வெயில் காலத்தில் பரணுக்குள் ஐந்து நிமிடம் நிற்க முடிவதில்லை. குளிர்சாதனம் பொருத்திவிட்டால் தீர்ந்துவிடாதா?

பதில்: கூரையைச் சீர்செய்யாமல் குளிர்சாதனம் பொருத்தினால் அது இடைவிடாது ஓடும், அறை குளிர்ந்தாலும், சூடேறிய உள்பலகை உங்கள் தலைமேல் வெப்பத்தை வீசிக்கொண்டே இருக்கும். உச்சிவெயிலில் ஓட்டின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். அந்த வெப்பத்தை மூன்று இடங்களில் மறிக்கலாம். ஓட்டின்மேல் வெள்ளைப் பிரதிபலிப்புப் பூச்சு அடித்து ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பலாம். ஓட்டுக்கு அடியில், இறவாரத்திலிருந்து முகடுவரை தடையில்லாமல் 3 முதல் 5 சென்டிமீட்டர் காற்றுவழி விட்டு, சூடான காற்று தானே மேலேறி முகட்டுத் துளைகள் வழியே வெளியேறச் செய்யலாம். அதற்கும் கீழே, கைமரங்களுக்கு இடையில் 10 முதல் 15 சென்டிமீட்டர் கனிமக் கம்பளியோ நுரைப்பலகையோ வைத்து எஞ்சியதைத் தடுக்கலாம். இவற்றுள் காற்றுவழியைத்தான் வேலையாட்கள் மறந்துவிடுகிறார்கள். கம்பளியை ஓட்டோடு ஒட்டத் திணித்துவிட்டால், வெப்பம் தேங்குவதோடு, கசிந்த ஈரம் உலர வழியில்லாமல் கைமரமும் மட்கும்.

பளபளக்கும் அலுமினியத் தாள் இக்காலத்தில் பரவலாக விற்கப்படுகிறது. அது நல்ல பொருளே, ஆனால் அதன் பளபளப்பான முகத்துக்கு முன்னால் வெற்று இடைவெளி இருந்தால் மட்டுமே பயன் தரும். இரண்டு பலகைகளுக்கு நடுவே ஒட்டி அழுத்திவிட்டால் வெப்பம் அதன் வழியே நேராகக் கடந்துவிடும். முகம் கீழ்நோக்கி இருப்பது நல்லது; மேல்நோக்கி இருந்தால் தூசி படிந்து பளபளப்பு மங்கிவிடும். ஈரத்தடுப்புத் தாளையும் இடம் அறிந்து போடவேண்டும். குளிர்நாடுகளில் வீட்டுக்குள்ளிருந்து எழும் ஈரக்காற்று குளிர்ந்த கூரையில் நீராகப் படியாதிருக்க, அதை உட்புறம் வைக்கிறார்கள். வெளியே புழுக்கமும் உள்ளே குளிர்சாதனமும் உள்ள வீட்டில் ஈரம் எதிர்த்திசையில் நுழைவதால் அது வெளிப்புறம் இருக்கவேண்டும்.

வெளிச்சத்துக்குக் கூரையிலேயே கண்ணாடிச் சாளரம் வைக்க விரும்புவோர், அது செங்குத்தான சாளரத்தைவிட அதிக வெயிலை உள்ளே விடும் என்பதை நினைவிற்கொள்ளவும். முடிந்தவரை இருமருங்கிலும் உள்ள முக்கோணச் சுவர்களில் எதிரெதிரே சாளரம் திறந்தால் வெளிச்சத்தோடு காற்றோட்டமும் கிடைக்கும். கூரைச் சாளரம் தவிர்க்கமுடியாதது என்றால் அதன் மறைப்பைக் கண்ணாடிக்கு வெளியே பொருத்துங்கள். உள்ளே தொங்கும் திரை, உள்ளே வந்துவிட்ட வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதில்லை.

கேள்வி: மேல் அறையோடு குளியலறையும் சேர்க்கலாமா?

பதில்: கீழே உள்ள குளியலறைக்கு நேர்மேலாக அமைந்தால் சேர்க்கலாம். கழிவுக்குழாய் 40 சென்டிமீட்டருக்கு 1 சென்டிமீட்டர் என்ற அளவில் சரியவேண்டும். தொலைவு கூடக்கூட அந்தச் சரிவுக்குத் தரையின் உயரம் போதாமற்போகும், உடனே குழாய்க்காரர் சட்டத்தின் மேல்விளிம்பில் பள்ளம் வெட்டத் தொடங்கிவிடுவார். சட்டத்தின் நடுப்பகுதியில் விளிம்பை வெட்டவே கூடாது. துளைதான் வேண்டுமென்றால், உயரத்தின் மையத்தில், அந்த உயரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மிகாமல் இடவேண்டும். நீர்த்தொட்டியையும் பரணிலேயே வைக்க நினைத்தால், ஆயிரம் லிட்டர் நீரின் எடை ஒரு டன் என்பதைப் பொறியாளரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

கேள்வி: எண்பது வயதைத் தாண்டிய மாமனாருக்கு அமைதியான அறை வேண்டும் என்பதால் பரணை அவருக்கென்றே மாற்ற எண்ணுகிறோம். சரியான முடிவா?

பதில்: இல்லை, அம்மா. தீப்பிடித்தால் புகை முதலில் சென்று சேருமிடம் வீட்டின் உச்சிதான், படிக்கட்டே புகைபோக்கியாகிவிடும். அந்நேரத்தில் முதியவரைக் கீழே இறக்குவது கடினம். நீங்களும் கணவரும் மேலே சென்று, தரைத்தள அறையை மாமனாருக்குக் கொடுங்கள். யார் படுத்தாலும், தளந்தோறும் ஒரு புகையுணர் கருவி இருக்கவேண்டும். ஒன்று ஒலித்தால் எல்லாம் ஒலிக்கும்படி அவற்றை இணைக்கவேண்டும். மேல் அறையின் ஒரு சாளரமேனும் ஆள் நுழைந்து வெளியேறும் அளவுக்குத் திறக்கவேண்டும். பிரித்தானிய வழிகாட்டுதல்கள் அதற்குக் குறைந்தது 0.33 சதுர மீட்டர் திறப்பும், அகலம், உயரம் இரண்டிலும் 45 சென்டிமீட்டருக்குக் குறையாமையும், தரையிலிருந்து 1.1 மீட்டருக்கு மிகாத அடிவிளிம்பும் கேட்கின்றன. அதற்குக் கம்பி போடுவதாயின் உள்ளிருந்து சாவியின்றித் திறக்கும் வகையாகப் போடுங்கள்.

கேள்வி: கூரையில் ஓரிடத்தில் மட்டும் மழைநீர் சொட்டுகிறது. உள்வேலை முடிந்தபின் அதைப் பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: உள்பலகை அடித்துவிட்டால் கசிவு கண்ணுக்குத் தெரியாமல் போகுமேயன்றி நிற்காது. சொட்டும் இடத்துக்கு நேர்மேலே ஓட்டை இருக்கும் என்றும் எண்ணாதீர்கள். நீர் கைமரத்தின் வழியே வெகுதூரம் ஓடிவந்து, ஏதேனும் ஒரு முடிச்சில் தடைப்பட்டுத்தான் சொட்டுகிறது. மழை பெய்துகொண்டிருக்கும்போதே டார்ச்சுடன் மேலே சென்று, ஈரத்தடத்தைப் பின்பற்றி முகடு நோக்கித் தேடுங்கள். அப்போதே கைமரங்களின் சுவரோர முனைகளை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். எளிதாக உள்ளிறங்கினால் மட்கலோ கரையானோ இருக்கிறது என்று பொருள், அந்த மரத்தை மாற்றவேண்டும். கூரை பழைய அஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால் மட்டும் துளையிடுவதோ, அறுப்பதோ, உடைப்பதோ, தேய்த்துச் சுத்தம் செய்வதோ வேண்டாம். அதிலிருந்து பறக்கும் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோயாக வெளிப்படக்கூடும். அவற்றை அகற்றுவதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் வந்து எடுத்துச் சென்ற பிறகு மற்ற வேலைகளைத் தொடங்குங்கள்.