தம்ப்நெயில் தகராறுகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: போட்டோ ஃபோல்டரைத் திறந்தால் படங்களுக்குப் பதில் எல்லாமே ஒரே மாதிரி ஐகானாகத் தெரிகின்றன. நேற்று வரை சரியாக இருந்தது. விண்டோஸ் 10 வைத்திருக்கிறேன்.

பதில்: எல்லாப் படங்களுக்கும் ஒரே நாளில் போயிருந்தால் படங்கள் மேல் சந்தேகம் வேண்டாம். முதலில் 'வியூ' பட்டியலைப் பாருங்கள். லிஸ்ட், டீடெய்ல்ஸ், ஸ்மால் ஐகான்ஸ் மூன்றிலும் தம்ப்நெயில், அதாவது படத்தின் சிறு பிரதி, வராது. மீடியம் ஐகான்ஸ் முதல்தான் வரும். கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி மவுஸ் சக்கரத்தை உருட்டினாலே இந்த அளவு மாறிவிடும், தெரியாமல் மாற்றியிருக்கலாம்.

அது சரியாக இருந்தால் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'வியூ' பகுதிக்குப் போய் 'ஆல்வேஸ் ஷோ ஐகான்ஸ், நெவர் தம்ப்நெயில்ஸ்' என்பதன் டிக்கை எடுங்கள். கணினியை வேகமாக்கித் தருவதாகச் சொல்லும் கருவிகள் இதைச் சத்தமில்லாமல் மாற்றிவிடுவதுண்டு. பெர்ஃபார்மன்ஸ் ஆப்ஷன்ஸில் உள்ள 'ஷோ தம்ப்நெயில்ஸ் இன்ஸ்டெட் ஆஃப் ஐகான்ஸ்' டிக்கும் இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் மசியாவிட்டால் கேஷ் (தம்ப்நெயில்களைச் சேர்த்து வைக்கும் இடம்) கெட்டிருக்கிறது. டிஸ்க் கிளீனப்பைத் திறந்து, 'தம்ப்நெயில்ஸ்' என்பதை மட்டும் டிக் செய்து அழியுங்கள். போட்டோக்கள் அழியாது. விண்டோஸ் தனக்காக வரைந்து வைத்திருந்த சின்னப் பிரதிகள் மட்டுமே போகும். ஃபோல்டரை அடுத்த முறை திறக்கும்போது அவற்றைத் திரும்ப வரையும். பெரிய ஃபோல்டர் என்றால் சற்று நேரம் பிடிக்கும்.

கேள்வி: ஜேபெக் படங்களுக்குத் தம்ப்நெயில் வருகிறது. ஐபோனில் எடுத்தவற்றுக்கும் எம்கேவி வீடியோக்களுக்கும் வருவதில்லை.

பதில்: தம்ப்நெயில் வரைய வேண்டுமென்றால் கணினி முதலில் அந்த ஃபைலைப் பிரித்துப் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாத வடிவத்துக்கு ஐகானைத்தான் காட்ட முடியும். ஐபோன்கள் ஐஓஎஸ் 11 முதல், அதாவது 2017இலிருந்து, படங்களை ஹெய்க் வடிவத்தில் சேமிக்கின்றன. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் 'ஹெய்ஃப் இமேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்', 'ஹெச்இவிசி வீடியோ எக்ஸ்டென்ஷன்ஸ்' இரண்டையும் நிறுவுங்கள். முதலாவது ஃபைல் உறையைத் திறக்கும், இரண்டாவது உள்ளே இருக்கும் படத்தைப் படிக்கும். ஒன்றை மட்டும் போட்டுவிட்டு 'வேலை செய்யவில்லை' என்பவர்கள் அதிகம். எம்கேவிக்கு 'ஐகாரோஸ்' என்ற இலவசக் கருவி போதும். நிறுவிய பிறகு பழைய கேஷை ஒருமுறை அழித்துவிடுங்கள்.

ஒரே ஒரு எம்பி4 வீடியோவுக்கு மட்டும் வரவில்லை என்றால் விஷயம் வேறு. எம்பி4 ஃபைலின் பொருளடக்கப் பகுதி பெரும்பாலும் கடைசியில்தான் எழுதப்படும். பதிவிறக்கம் பாதியில் நின்றிருந்தாலோ, பதிவு முடியும் முன் கேமராவின் பேட்டரி போயிருந்தாலோ அந்தப் பகுதியே இருக்காது. அப்படிப்பட்ட வீடியோ ஓடவும் செய்யாது.

கேள்வி: ஒரு படத்தின் ஓரத்தில் இருந்தவரை வெட்டி எடுத்துவிட்டு அனுப்பினேன். பெற்றவரின் கணினியில் தம்ப்நெயிலில் அவர் இன்னும் நிற்கிறாராம். எப்படி?

பதில்: அந்தத் தம்ப்நெயிலை அவருடைய கணினி வரையவில்லை. உங்கள் கேமராவே வரைந்து ஃபைலுக்குள் வைத்தது அது. ஜேபெக் ஃபைலின் எக்ஸிஃப் பகுதியில், எடுத்த தேதி, லென்ஸ் விவரம் ஆகியவற்றோடு, வழக்கமாக 160×120 அளவில் ஒரு குட்டிப் படமும் இருக்கும். எக்ஸிஃப் பகுதி முழுவதுமே 64 கேபிக்குள் அடங்க வேண்டும் என்பதால்தான் இவ்வளவு சிறிது. பல மென்பொருள்கள் தாமாக வரையாமல் இதையே எடுத்துக் காட்டிவிடுகின்றன. ஆறாயிரம் படங்களைத் திறந்து சுருக்குவதைவிட இது எத்தனையோ மடங்கு வேகம்.

நல்ல எடிட்டர் பெரிய படத்தை வெட்டும்போது குட்டிப் படத்தையும் புதிதாக எழுதும். சில எடிட்டர்கள் எக்ஸிஃப் பகுதியைத் தொடாமல் அப்படியே நகலெடுத்து ஒட்டிவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான். படத்தைத் திருப்பிச் சேமித்தும் தம்ப்நெயில் மட்டும் சாய்ந்தே கிடப்பதற்கும் இதே காரணம் இருக்கலாம். சில தம்ப்நெயில்களின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை தெரிந்து, நொடியில் மறைவதைக் கவனித்திருப்பீர்கள். 3:2 விகிதப் படத்தை 4:3 சட்டத்துக்குள் கேமரா பொருத்தியதன் தடயம் அது. மென்பொருள் தானே வரைந்து முடித்ததும் பட்டை போய்விடும்.

தீர்வு, எக்ஸிஃப் பகுதியைத் திருத்தும் 'எக்ஸிஃப்டூல்' என்ற கட்டளைக் கருவி. அதில் 'தம்ப்நெயில் இமேஜ்' என்ற குறியீட்டுக்கு மதிப்பு எதுவும் தராமல் வெறும் சமக்குறியோடு விட்டால் குட்டிப் படம் அழிந்துவிடும். ஒரு கண்ணி இருக்கிறது: எக்ஸிஃப்டூல் பழைய ஃபைலை, பெயரின் இறுதியில் 'ஒரிஜினல்' என்ற சொல் சேர்த்துப் பக்கத்திலேயே வைத்திருக்கும். ஃபோல்டரை மொத்தமாக அனுப்பினால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

கேள்வி: என் வீடியோக்கள் பாதிக்கு மேல் கறுப்புத் தம்ப்நெயிலோடு இருக்கின்றன. எனக்குப் பிடித்த காட்சியை வைக்க முடியுமா?

பதில்: முடியும். வீடியோ கறுப்பிலிருந்து மெல்ல மலர்ந்து தொடங்கினால், தொடக்கத்தில் எடுக்கும் ஃபிரேம் கறுப்பாகத்தான் இருக்கும். நீங்களே எடுங்கள். கட்டளை அடித்து வீடியோவைக் கையாளும் 'எஃப்எஃப்எம்பெக்' கருவி இதற்குப் போதும். (இங்கே தமிழில் எழுதியுள்ள கட்டளைச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.)

'எஸ்எஸ்' என்பதற்கு நேரத்தைக் கொடுங்கள், 'ஐ' என்பதற்கு வீடியோ ஃபைலைக் கொடுங்கள், 'ஃபிரேம்ஸ்' எண்ணிக்கை 1, கடைசியில் ஜேபெக் ஃபைலின் பெயர். இதில் வரிசை முக்கியம். 'எஸ்எஸ்' முன்னால், 'ஐ' பின்னால். அப்படி இருந்தால் மென்பொருள் அந்த நேரத்துக்கு முந்தைய கீஃபிரேமுக்கு (முழுப் படமாகச் சேமித்த ஃபிரேம்) தாவி, அங்கிருந்து மட்டும் படிக்கும். மாற்றிப் போட்டாலும் அதே படம்தான் வரும். ஆனால் முதல் நொடியிலிருந்து எல்லாவற்றையும் படித்து வீசிவிட்டு வரும். 50ஆவது நிமிடக் காட்சி என்றால் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

எந்த நொடி என்று யோசிக்கப் பொறுமை இல்லையா? 'தம்ப்நெயில்' என்ற பெயரிலேயே ஒரு ஃபில்டர் இருக்கிறது. 100 ஃபிரேம்களை எடுத்து, அவற்றின் சராசரிக்கு மிக நெருக்கமான ஒன்றைத் தேர்ந்து தரும். 25 ஃபிரேம் வேகத்தில் 100 என்பது வெறும் 4 நொடிதான். கறுப்புத் தொடக்கம் 5 நொடி நீடித்தால் இதுவும் கறுப்பையே தேர்ந்தெடுக்கும். ஆகவே 'எஸ்எஸ்' கொண்டு 30 நொடி தாண்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். நூறு ஃபிரேமையும் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் என்பதால், 1920×1080 வீடியோவில் ஒன்றுக்குச் சுமார் 3 எம்பி வீதம் 300 எம்பி போகும். 'ஸ்கேல்' ஃபில்டரை முதலில் போட்டு அகலத்தை 320 ஆக்கிவிட்டு இதற்குக் கொடுத்தால் 9 எம்பிக்குள் முடிந்துவிடும்.

எடுத்த படத்தை எம்பி4 ஃபைலுக்குள் அட்டைப்படமாக ஒட்ட 'எம்பி3டேக்' எளிது. எக்ஸ்புளோரர் அதையே தம்ப்நெயிலாகக் காட்டும்.

கேள்வி: ஒரு மணி நேர வீடியோவை 20 சின்னப் படங்களாக ஒரே தாளில் பார்க்க வேண்டும்.

பதில்: கட்டளையே வேண்டாம் என்றால் 'மீடியா பிளேயர் கிளாசிக் ஹோம் சினிமா'வில் ஃபைல் பட்டியலில் 'சேவ் தம்ப்நெயில்ஸ்' இருக்கிறது, வரிசை, நிரல் எண்ணிக்கையைக் கொடுத்தால் போதும்.

எஃப்எஃப்எம்பெக்கில் என்றால் கணக்கு இப்படி: 3600 நொடியை 20ஆல் வகுத்தால் 180. 'எஃப்பிஎஸ்' மதிப்பு 1/180, 'ஸ்கேல்' அகலம் 320, 'டைல்' 4×5. 16:9 வீடியோவுக்கு 1280×900 அளவில் ஒரே தாள் கிடைக்கும். இதற்காக முழு வீடியோவையும் படிக்கும் என்பதால் மெதுவாக இருக்கும். 'ஐ'க்கு முன்னால் 'ஸ்கிப் ஃபிரேம்' என்பதை 'நோகீ' என்று வைத்தால் கீஃபிரேம்களை மட்டும் படித்து வேகமாக முடிக்கும். மூன்று நிமிட இடைவெளியில் சில நொடி முன்பின் ஆனால் யாருக்கும் தெரியப் போவதில்லை. கடைசிக் கட்டம் காலியாகக் கறுத்து நின்றால் 180ஐ 175 ஆக்குங்கள்.

கேள்வி: இணையதளத்துக்காக ஆயிரக்கணக்கான போட்டோக்களுக்கு 320 புள்ளி அகலத் தம்ப்நெயில் வேண்டும். 'இமேஜ்மேஜிக்' பாதுகாப்பானதா?

பதில்: கருவி நல்லதுதான், அதிலுள்ள 'மாக்ரிஃபை' கட்டளைதான் கத்தி. வெளியீட்டு ஃபோல்டரை 'பாத்' மூலம் சொல்லாவிட்டால் மூலப் படங்களின் மேலேயே எழுதிவிடும். 6000×4000 படம் 320 புள்ளியாகச் சுருங்கிய பிறகு மீட்க வழியில்லை. ஃபோல்டரை முன்கூட்டியே உருவாக்கிவிடுங்கள், அது தானாக உருவாக்காது. முதல் முறை பத்துப் படங்களின் நகலில் ஓட்டிப் பாருங்கள்.

'தம்ப்நெயில்' கட்டளை எக்ஸிஃபை நீக்கிவிடும். படத்தை எந்தப் பக்கம் நிமிர்த்த வேண்டும் என்ற குறிப்பும் அதில்தான் இருக்கிறது. எனவே அதற்கு முன் 'ஆட்டோ ஓரியன்ட்' போடாவிட்டால் நெடுக்குப் படங்கள் படுத்துக்கொள்ளும். கூடவே 'ஸ்ட்ரிப்' போடுபவர்கள் வண்ண விவரத்தையும் தொலைத்துவிடுகிறார்கள். டிஸ்ப்ளே பி3 வண்ணத்தில் எடுத்த ஃபோன் படங்கள் வெளிறுவது அதனால்தான். முதலில் இணையத்தில் வழக்கமான எஸ்ஆர்ஜிபி வண்ணத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

வேகத்துக்கு ஒரு வழி: 'ஜேபெக் சைஸ்' குறிப்பை 400×400 என்று கொடுங்கள். ஜேபெக்கைத் திறக்கும்போதே எட்டில் ஒரு பங்காகத் திறக்க முடியும். 6000×4000 படம் 750×500 ஆகவே உள்ளே வரும். கையாள வேண்டிய புள்ளிகள் 64இல் ஒரு பங்கு. தரம் 75 முதல் 80 வரை போதும். கட்டளை பழக்கமில்லாதவர்கள் 'இர்ஃபான்வியூ'வில் 'பி' (B) விசையை அழுத்தி, அகலத்தை 320 என்று வைத்துச் செய்யலாம்.

கேள்வி: அலுவலகப் பொது ஃபோல்டரை அழிக்கப் போனால் 'தம்ப்ஸ்.டிபி' திறந்திருக்கிறது என்று மறுக்கிறது. வைரஸா?

பதில்: இல்லை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஒவ்வொரு ஃபோல்டரிலும் இருந்த கேஷ் அது. விஸ்டா முதல் உங்கள் கணக்கின் உள்ளே ஓரிடத்தில் சேர்ந்துவிட்டது. நெட்வொர்க் ஃபோல்டர்களில் மட்டும் இன்னும் உருவாகிறது. டீடெய்ல்ஸ் வியூவுக்கு மாற்றி, ஃபோல்டரை மூடித் திறந்து அழியுங்கள். நிரந்தரமாக நிறுத்த குரூப் பாலிசியில் இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது.

கேள்வி: லினக்ஸில் ஒரு வீடியோவுக்கு மட்டும் தம்ப்நெயில் வராமல் இருந்தது. கோடெக் (வீடியோவைப் படிக்க உதவும் மென்பொருள்) நிறுவிய பிறகும் வரவில்லை.

பதில்: தம்ப்நெயில் வரைவதில் ஒருமுறை தோற்றால் மறுபடி முயல வேண்டாம் என்று லினக்ஸ் குறித்து வைத்துக்கொள்ளும். ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் 'கேஷ்' ஃபோல்டருக்குள் 'தம்ப்நெயில்ஸ்', அதற்குள் 'ஃபெயில்'. அதை அழித்துவிட்டு ஃபோல்டரைத் திரும்பத் திறங்கள்.

கேள்வி: போட்டோவை அழித்தால் அதன் தம்ப்நெயிலும் அழிந்துவிடுமா?

பதில்: உடனே அழிய வேண்டிய கட்டாயம் இல்லை. விண்டோஸின் 'தம்ப்கேஷ்' ஃபைல்களில் அழித்த படத்தின் சிறு பிரதி நெடுநாள் தங்கலாம். தடயவியல் ஆய்வில் இந்த ஃபைல்களைத் தேடிப் பார்ப்பது அதனால்தான். கணினியை வேறொருவருக்குக் கொடுக்கும் முன் கேஷை அழிப்பது மட்டும் போதாது, டிஸ்க்கையே முழுதாக அழித்துக் கொடுங்கள்.