தொடக்கப் பள்ளியின் வாரச் செய்தியை எப்படி எழுதினால் பெற்றோர் கவனிப்பார்கள்?

கேட்டவர் தொடக்கப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வாரம் ஒருமுறை பள்ளிச் செய்தியையும் அடுத்து வரும் நிகழ்ச்சிகளையும் போடும் வேலை அவருக்கு வந்திருக்கிறது. போடுகிறார், யாரும் படிப்பதாகத் தெரியவில்லை, என்ன செய்யலாம் என்கிறார்.

நான் மன்னார்குடிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியர். ஈராசிரியர் பள்ளி, 43 பிள்ளைகள். எங்கள் குழு கொரோனா காலத்தில் பாடம் அனுப்புவதற்காகத் தொடங்கியது. 2021 நவம்பர் 1 அன்று சின்ன வகுப்புகள் மறுபடி திறந்த பிறகு அதை அப்படியே விட்டுவிட மனமில்லாமல், வெள்ளிக்கிழமை தோறும் செய்தி போட ஆரம்பித்தேன். முதல் சில மாதங்கள் எனக்கும் உங்கள் நிலைமைதான்.

என் கண்ணைத் திறந்தது ஒரு பிப்ரவரி 10. குடற்புழு நீக்க நாள். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை நான் அனுப்பிய வரி இது: "தேசியக் குடற்புழு நீக்க நாள் அனுசரிக்கப்படவுள்ளதால் அனைத்து மாணவர்களும் தவறாது வருகை புரியுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." சுற்றறிக்கையில் இருந்ததை ஒரு சொல் மாற்றாமல் போட்டிருந்தேன். அன்றைக்கு 11 பிள்ளைகள் வரவில்லை. சாயங்காலம் வீடு வீடாகப் போனேன். ஓர் அம்மா சொன்னார்: "ஏதோ ஊசி போடுறாங்கன்னு பேசிக்கிட்டாங்க டீச்சர், அதான் அனுப்பல." இன்னொரு வீட்டில், போன வருடம் மாத்திரை சாப்பிட்டு வயிறு வலித்ததாம், அந்தப் பயம். மூன்றாவது வீட்டில் செய்தி வந்ததே தெரியாது. போன் அப்பாவிடம், அப்பா திருப்பூரில்.

விடுபட்ட பிள்ளைகளுக்கு ஒரு வாரம் கழித்து இன்னொரு நாள் உண்டு. அதற்கு முன்னால் எழுதாமல் பேசி அனுப்பினேன். கொடுப்பது அல்பெண்டசோல், 400 மில்லிகிராம், ஒரே ஒரு மாத்திரை, மென்று தின்ன வேண்டியது, ஊசி கிடையாது. காலையில் சாப்பிட்ட பிறகு நாங்களே எதிரில் உட்கார வைத்துக் கொடுப்போம். வயிற்றில் புழு நிறைய இருக்கிற பிள்ளைக்குக் கொஞ்சம் வலிக்கலாம், குமட்டலாம், சற்று நேரத்தில் சரியாகிவிடும், நாங்கள் பக்கத்திலேயே இருப்போம். அன்றைக்கு உடம்பு சரியில்லாத பிள்ளைக்குக் கொடுக்க மாட்டோம். இவ்வளவுதான். 11 பேரில் 10 பேர் வந்தார்கள்.

அதிலிருந்து வரப்போகிற எந்த நிகழ்ச்சியைச் சொன்னாலும் நாலு விஷயத்தை விடுவதில்லை. என்றைக்கு, பிள்ளைக்கு என்ன நடக்கும், வீட்டில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும், காசு ஏதாவது ஆகுமா. கடைசிக் கேள்வியை நாம் மறந்துவிடுகிறோம், அவர்கள் மறப்பதில்லை. 2024-25இல் அரசுப் பள்ளிகளுக்கான கலைப் போட்டியான கலைத் திருவிழா தொடக்க வகுப்புகளுக்கும் வந்தபோது, மாறுவேடத்துக்கு உடை வாடகைக்கு எடுக்க வேண்டுமோ என்று பயந்து இரண்டு அம்மாக்கள் பிள்ளையைச் சேர்க்கவே இல்லை. "வீட்டில் இருக்கும் துணியே போதும், மீதியைப் பள்ளியில் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அந்தப் பிள்ளைகள் மேடைக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாள், சுதந்திர தினம், நவம்பர் 14, பருவத் தேர்வுகள் எல்லாம் தேதியோடு எல்லோருக்கும் பழக்கமானவை. அவற்றுக்கு ஒரு வரி போதும். நேரம் செலவழிக்க வேண்டியது வேறு சிலவற்றுக்கு. ஐந்து வயது முடிந்த பிள்ளைக்கு ஆதாரில் கைரேகையும் கண் கருவிழியும் பதிய வேண்டும். பள்ளியிலேயே முகாம் நடந்தால் கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒரு நாள் சம்பளம் மிச்சம். அதனால் எந்தத் தாளை எடுத்துவர வேண்டும், அம்மாவோ அப்பாவோ கூட வர வேண்டுமா என்பதை முகாமுக்கு இரண்டு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். உள்ளூர் விடுமுறை விட்டால் அதற்கு ஈடாக எந்தச் சனிக்கிழமை பள்ளி உண்டு என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். தனியாகச் சொன்னால் யாருக்கும் நினைவில் நிற்காது.

மழைக் காலத்தில் ஒரு கூடுதல் கவனம் வேண்டும். டெல்டாவில் நவம்பரும் டிசம்பரும் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மழை விடுமுறையை அறிவிப்பது மாவட்ட ஆட்சியர். ஆனால் போன வருடத்து அறிவிப்பின் படம் ராத்திரி பத்து மணிக்குக் குழுக் குழுவாகச் சுற்றும். எங்கள் குழுவில் அக்டோபர் முதல் வாரமே ஒன்றைச் சொல்லிவிடுவோம்: தலைமை ஆசிரியர் எண்ணிலிருந்து வரும் செய்திதான் விடுமுறை, மற்றதெல்லாம் கணக்கில்லை.

சரி, நடந்த செய்திக்கு வருகிறேன். இங்கேதான் எல்லாமே இருக்கிறது என்று நினைக்கிறேன். பெற்றோர் அந்தச் செய்தியில் தேடுவது தன் பிள்ளையை. "மாணவர்கள் ஆர்வத்துடன் கலந்துகொண்டனர்" என்ற வரியில் எந்தப் பிள்ளையும் இல்லை. நான் அலமாரிக் கதவின் உள்பக்கம் 43 பெயர்களையும் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன். வாரம் ஆறு பெயர், அந்தப் பிள்ளை அந்த வாரம் செய்த ஒரு காரியத்தோடு. சொன்ன பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. ஏழெட்டு வாரத்தில் எல்லோரும் ஒரு சுற்று வந்துவிடுகிறார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளைப் பற்றித் தானாகவே நிறையச் சொல்ல வரும். பின்வரிசையில் சத்தமில்லாமல் இருக்கிற பிள்ளையைப் பற்றிச் சொல்ல ஒன்று கிடைக்க வேண்டுமானால் வாரம் முழுக்க அவனைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்தப் பழக்கம் என் கற்பித்தலையே மாற்றியது என்பேன்.

ஒரு நவம்பர் வாரம் அனுப்பியதை அப்படியே தருகிறேன், பெயர்களை மட்டும் எடுத்துவிட்டு.

"வணக்கம், வெள்ளிக்கிழமைச் செய்தி. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நம் பள்ளி வேப்பமரத்தைச் சுற்றி நூல் கட்டி அளந்தார்கள். 2 மீட்டர் 40 சென்டிமீட்டர் இருந்தது. இரண்டு பேர் கை கோத்தால் கட்டிப்பிடிக்க முடிகிறது. முதல் வகுப்பில் இரண்டு பேர் இந்த வாரம் தங்கள் பெயரை யாரும் கை பிடிக்காமல் முழுதாக எழுதினார்கள். ஐந்தாம் வகுப்பில் ஒருத்தி ஊஞ்சல் இதழில் படித்த கதையைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தாளைப் பார்க்காமல் சொன்னாள். நான்காம் வகுப்பில் ஒருவன் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் அறுந்த செருப்பை ஊக்கு வைத்துச் சரிசெய்து கொடுத்தான். அடுத்த வாரம் புதன்கிழமை, பத்து வயது ஆன பிள்ளைகளுக்கு ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் தடுப்பூசி போட ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் வருகிறார். காசு கிடையாது. காய்ச்சல் இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்குப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், கழிப்பறைக்குத் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசப் போகிறோம். கடைசியாக ஒன்று: உங்கள் வீட்டுப் பக்கத்து மரம் ஒன்றை நூலால் அளந்து, அந்த நூலைத் திங்கட்கிழமை பிள்ளையிடம் கொடுத்து அனுப்புங்கள்."

திங்கட்கிழமை 17 நூல்கள் வந்தன. கயிறு, சணல், பழைய சேலைக் கரை, ஒரு வீட்டிலிருந்து வைக்கோல் பிரி. குளத்தங்கரைத் தூங்குமூஞ்சி மரத்தை அளந்த கயிறு வகுப்பறை நீளத்தைத் தாண்டி வராந்தா வரை போனது. அதைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் வகுப்பே வரிசையாக நின்றது. அளவையில் அன்றைக்கு நான் புதிதாக எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பெற்றோர் கேட்டிருக்கிறார்கள் என்பதற்கு அந்த 17 நூலைவிட எனக்கு என்ன சாட்சி வேண்டும்?

அந்தச் செய்தியில் ஊசியைப் பற்றிச் சொன்ன அதே குரலில் செருப்பைப் பற்றியும் சொல்லியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பிள்ளையைப் பற்றிய நல்ல சொல்லுக்காகக் காத்திருக்கிறவர், வழியில் ஊசித் தேதியையும் கேட்டுவிடுகிறார். கழிப்பறைத் தண்ணீரைச் சொன்னதால் அந்தக் கூட்டத்துக்கு உறுப்பினர் அல்லாத ஆறு அம்மாக்கள் வந்தார்கள். மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. ஆனால் எதைப் பேசப் போகிறோம் என்று முன்கூட்டித் தெரியாவிட்டால் அவர்கள் எதற்கு நடவு வேலையை விட்டு வருவார்கள்?

சொல்லக் கூடாதவையும் உண்டு. அடிப்படை எழுத்தையும் கணக்கையும் கற்றுத்தரும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்போம். எந்தப் பிள்ளை அரும்பு, எது மொட்டு, எது மலர் என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருபோதும் போடாதீர்கள். அரும்பிலிருந்து மொட்டுக்கு வந்த பிள்ளையின் அம்மாவை வாசலில் பார்க்கும்போது தனியாகச் சொல்லுங்கள், அவர் முகத்தையும் பார்க்கலாம். வராதவர் பெயர், வீட்டுப்பாடம் செய்யாதவர் பெயர், சாப்பிடும் பிள்ளைகளின் படம், இவையும் வேண்டாம். தட்டோடு நிற்கும் தன் பிள்ளையின் படத்தை ஊர் முழுக்கப் பார்ப்பதை எந்தத் தாயும் விரும்ப மாட்டார். நம் வீட்டுப் பிள்ளையை அப்படி ஒருவர் படம் எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்?

படிக்கத் தெரியாதவரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் அனுப்பினாலும் அதையே குரலிலும் அனுப்புங்கள், ஒன்றரை இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நான் இப்போது அறிவிப்புப் பகுதியை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்கிறேன், வாரத்துக்கு ஒருவர். காலை வழிபாட்டில் செய்தி வாசித்துப் பழகியவர்கள்தானே. குவைத்தில் இருக்கும் ஓர் அப்பா தன் மகள் வாசித்ததைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டதாக அவள் பாட்டி வந்து சொன்னார். அனுப்பும் நேரம் ராத்திரி ஏழரை. வயலிலிருந்து வந்து, உலை வைத்து, போன் கைக்கு வருகிற நேரம் எங்கள் ஊரில் அதுதான். உங்கள் ஊரில் எதுவென்று கேட்டுப் பாருங்கள்.

போனே இல்லாத வீடுகள் எங்களுக்கு நாலு இருக்கின்றன. அவர்களுக்காகப் பள்ளி வாசல் கரும்பலகையிலும் எழுதுகிறோம். அதைவிட வேலை செய்வது காலை உணவு சமைக்கும் அக்கா. 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் தொடங்கி, காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவானபோது எங்களுக்கும் வந்தது. சமைப்பவர் மகளிர் குழுவைச் சேர்ந்தவர், அவருடைய பிள்ளையும் எங்களிடம்தான் படிக்கிறான். அவர் காதில் ஒரு செய்தியைப் போட்டால் மத்தியானத்துக்குள் தெரு முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும்.

அதனால் உங்களுக்கு நான் சொல்லும் முதல் வேலை இது. இந்த வெள்ளிக்கிழமை எழுதியதை அனுப்புவதற்கு முன்னால் அப்படி ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். எங்கள் அக்கா கேட்டுவிட்டு, "அப்ப நான் என்ன செய்யணும் டீச்சர்?" என்று திருப்பிக் கேட்டால் அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதுவேன். போன வாரம்கூட இரண்டு வரியை அப்படி மாற்றினேன்.