மின்னூட்டம் பெற்ற பொருள்கள் ஏன் ஒன்றையொன்று இழுக்கின்றன, தள்ளுகின்றன?

கோவைப் பக்கம் நூற்பாலைகளில் வெயில் காலத்தில் பாலியஸ்டர் இழை உருளையில் போய் ஒட்டிக்கொள்ளும். இழைகளோ ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பிரிந்து நிற்கும். இதுதான் மின்விசை. உரசும்போது ஒரு பொருளின் எலக்ட்ரான்கள், அதாவது எதிர் மின்னூட்டமுள்ள நுண்துகள்கள், இன்னொன்றுக்குத் தாவுகின்றன. வாங்கியது எதிர் மின்னூட்டம், இழந்தது நேர் மின்னூட்டம். ஒரே வகை தள்ளும், வேறு வகை இழுக்கும். ஆலைக் காற்றை ஈரமாக வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஈரத்தில் மின்னூட்டம் கசிந்துவிடும்.

சரி, தூரம் கூடினால்? இருமடங்கு விலகினால் விசை பாதியாகாது, கால்பங்காகும். 1785-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் கூலூம் அளந்து சொன்னது. களத்துமேட்டில் தொங்கும் பல்பு மாதிரிதான்: இருமடங்கு தூரத்தில் அதே வெளிச்சம் நான்கு மடங்கு பரப்புக்குப் பரவ வேண்டும்.

அப்புறம், மின்னூட்டம் அதிகமுள்ளதுதான் கூடுதல் விசையோடு இழுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, இரண்டின் மீதும் விசை சமம். லேசான பொருள் எளிதில் நகர்ந்துவிடுகிறது, அவ்வளவுதான்.