கொலைக்கு முன்னால் 150 பக்கம்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நான் விருதுநகரிலிருந்து தினமும் மதுரைக்கு ரயிலில் வேலைக்குப் போய்வருகிறவன். போகவர இரண்டு மணி நேரம் படிக்கக் கிடைக்கும். போன மூன்று மாதத்தில் குற்றமும் வரலாறுமாக மூன்று புத்தகங்கள் படித்தேன். என் அபிப்பிராயத்தை எழுதுகிறேன். தவறாக இருந்தால் சொல்லுங்கள்.

முதலாவது, ஆளவந்தார் கொலை வழக்கைப் பற்றியது. கீழே வைக்க முடியவில்லை. திரும்பும்போது விருதுநகரில் இறங்காமல் சாத்தூர் வரை போய்விட்டேன். படித்து முடித்தபோது, அந்த ஆளுக்கு அது வேண்டியதுதான் என்று தோன்றியது. இரண்டாவது, சினிமாக்காரர்களைப் பற்றி அவதூறு எழுதிய பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தனின் கொலை வழக்கு. கொலை செய்யச் சொன்னது யார் என்று கடைசி அத்தியாயத்தில் ஆசிரியர் அடித்துச் சொல்கிறார். நிறைவாக இருந்தது. மூன்றாவது, திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் கொலை. இதில்தான் ஏமாற்றம். துப்பாக்கி வெடிக்க 150 பக்கம் ஆகிறது. அதுவரை கப்பல் கம்பெனி, பஞ்சாலை, டிக்கெட் கட்டணம் என்று போகிறது. கொலை என்று சொல்லி வரலாற்றைத் தலையில் கட்டிவிட்டார்கள். குற்ற நூல் வேறு, வரலாற்று நூல் வேறு என்று இருப்பதே நல்லது என்பது என் முடிவு.

ஒரு சந்தேகம். ஆளவந்தாரின் உடல் போன போட் மெயில் ரயில்தானே 1964 புயலில் தனுஷ்கோடியில் மூழ்கியது?

க., விருதுநகர்

அன்புள்ள க.,

மனதில் பட்டதைப் பூசி மெழுகாமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால் நானும் அப்படியே எழுதுகிறேன். நீங்கள் சலித்துப்போன அந்த 150 பக்கத்திலிருந்து தொடங்கலாம்.

சாத்தூர் வரை போனவர் அப்படியே உட்கார்ந்திருந்தால் கோவில்பட்டி, கடம்பூர் தாண்டி மணியாச்சிக்குப் போயிருப்பீர்கள். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மத்தியானம், தூத்துக்குடி வண்டிக்காக அங்கே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் வேலிக்கருவை, கரிசல் மண், கண்ணைக் கூசவைக்கிற வெயில். பலகையில் வாஞ்சி மணியாச்சி என்று எழுதியிருக்கிறது. பிளாட்பாரத்தில் நின்று தெற்கே பார்த்தால் தண்டவாளம் இரண்டாகப் பிரிவது தெரியும். ஒன்று திருநெல்வேலிக்கு, இன்னொன்று தூத்துக்குடிக்கு. இவ்வளவு சின்ன ஊரில் ஒரு கலெக்டர் ஏன் சுடப்பட்டார் என்ற கேள்விக்குப் பாதி விடை அந்தப் பிரிவில்தான் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

1911 ஜூன் 17 காலை ஆஷும் அவர் மனைவியும் திருநெல்வேலியிலிருந்து வந்து மணியாச்சியில் ரயில் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் கொடைக்கானலில் இருந்தார்கள். அங்கே போவதற்காகத் தூத்துக்குடிப் பக்கமிருந்து வரும் சிலோன் போட் மெயிலை எதிர்பார்த்திருந்தார்கள். சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் அந்தக் காலத்தில் போட் மெயிலில் தூத்துக்குடி வந்து, அங்கிருந்து கப்பல் ஏறி, ஒரு ராத்திரி கடலில் கழித்து மறுகரை சேர்வார்கள். ரயில் வெள்ளைக்காரன் கையில். கப்பலும் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி கையில். அந்தக் கடல் பாதைக்குள்தான் 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பலோடு நுழைந்தார். எதிர்க்கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது. 1908இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம், வ.உ.சி. கைது, திருநெல்வேலியில் கலவரம், துப்பாக்கிச் சூடு எல்லாம் அடுத்தடுத்து வந்தன. அப்போது தூத்துக்குடியில் சப் கலெக்டராக இருந்து சுதேசி இயக்கத்தை நெரித்தவர்களில் முன்னால் நின்றவர் ஆஷ். வ.உ.சி.க்கு முதலில் விதித்த தண்டனை, இரண்டு ஆயுள் தண்டனையாக 40 வருடம். மேல்முறையீட்டில் அது குறைந்தது. ஆனால் அவர் சிறையில் இருந்தபோதே கம்பெனி மூழ்கிவிட்டது.

இப்போது சொல்லுங்கள். டிக்கெட் கட்டணம் பற்றிய பக்கங்களைக் கிழித்துவிட்டால் அந்தக் கொலையில் என்ன மிஞ்சும்? ஒரு ஆள் வந்தான், சுட்டான், பிளாட்பாரத்துக் கழிப்பறைக்குள் ஓடித் தன்னையே சுட்டுக்கொண்டான். அரைப் பக்கம் போதும்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். ஆஷ் கொலை பற்றிய எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் தேடுவது, ஆஷைச் சுட்ட வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதத்தை. ஐந்து நாள் கழித்து, ஜூன் 22 அன்று, லண்டனில் ஐந்தாம் ஜார்ஜுக்கு முடிசூட்டு விழா. அந்த ஜார்ஜ் இங்கே வந்தால் கொல்லச் சபதம் செய்த 3,000 மதராசிகளைப் பற்றி கடிதம் பேசுகிறது. நாட்டுப்பற்று அதில் இருக்கிறது. சனாதன தர்மம் காலில் மிதிபடுகிறது என்ற கோபமும், மாட்டுக்கறி தின்கிற மிலேச்சன் என்ற வசையும் அதே தாளில் இருக்கின்றன. சிலர் முதல் பாதியை மட்டும் அச்சடிக்கிறார்கள், சிலர் இரண்டாம் பாதியை மட்டும். அந்த மனிதன் ஒரே கடிதமாகத்தான் எழுதினான். முழுசாகப் போடுகிற ஆசிரியரை நான் நம்புகிறேன், அவருடைய முடிவு எனக்கு உடன்பாடாக இல்லாவிட்டாலும். உங்கள் புத்தகத்தில் அது முழுசாக இருக்கிறதா என்று ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

அதே வண்டியில் ஏறி ஆளவந்தாருக்கு வருவோம். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் போட் மெயிலின் பாதை மாறியது. தூத்துக்குடியை விட்டுவிட்டு தனுஷ்கோடிக்குப் போனது. அங்கிருந்து தலைமன்னார் சுமார் 35 கிலோமீட்டர்தான். ராத்திரி முழுக்கக் கடலில் கிடக்க வேண்டியதில்லை. 1952 ஆகஸ்டில் சென்னை எழும்பூரில் அந்த வண்டியில் ஒரு டிரங்குப் பெட்டியை ஏற்றினார்கள். மானாமதுரையை நெருங்கும்போது நாற்றம் தாங்காமல் பயணிகள் கூப்பாடு போட, பெட்டியை இறக்கித் திறந்தார்கள். தலையில்லாத உடல். தலை ராயபுரம் கடற்கரை மணலில் கிடைத்தது. இரண்டும் ஒரே ஆளுடையவைதான் என்று சென்னை மருத்துவக் கல்லூரியில் ஒப்பிட்டுச் சொன்னார்கள்.

எங்கள் அம்மாச்சி பரமக்குடிக்காரி. அந்தப் பெட்டி இறங்கியபோது அவளுக்கு இருபது வயதுக்குள். கடைசிவரைக்கும், ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் அவள் செய்கிற முதல் வேலை, குனிந்து சீட்டுக்கு அடியில் பார்ப்பது. டிரங்குப் பெட்டி இருந்தால் விரல் கணுவால் இரண்டு தட்டுத் தட்டுவாள். "யாரு பெட்டிய்யா இது?" என்று கேட்பாள். யாராவது "என்னுதுதான் ஆத்தா" என்று சொன்ன பிறகுதான் வெற்றிலைப் பையைத் திறப்பாள். ஆளவந்தார் என்ற பெயரை அவள் வாயால் நான் கேட்டதே இல்லை. அவளுக்கு அது "மானாமதுரைப் பெட்டி". ஒரு தலைமுறையின் உடம்புக்குள் போய் உட்கார்ந்துகொண்ட பயம் அது. அதை வரலாறு என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

அந்த வழக்கை நீங்கள் இரண்டாம் முறை படித்தால் மெதுவாகப் படியுங்கள். ஆளவந்தார் பட்டாளத்து வேலையிலிருந்து வந்தவர். சைனா பஜாரில் ஒரு பேனாக் கடையின் முகப்பில் இடம் பிடித்து பிளாஸ்டிக் சாமான் விற்றார். புடவைகளைத் தவணைக்குக் கொடுத்தார். பிளாஸ்டிக் அன்றைக்குப் புதுசு. மை ஊற்றும் பேனா மதிப்பான பொருள். ஒரு நடுத்தர வீட்டுப் பெண் கையில் மொத்தப் பணம் இல்லாமலும் புடவை எடுக்கலாம், மாசாமாசம் கட்டினால் போதும். போர் முடிந்த சென்னையின் கடைத்தெரு எப்படி இருந்தது என்று ஒரு பொருளாதார நூலில் படித்தால் உங்களுக்குத் தூக்கம் வரலாம். இங்கே ஒரு கொலைக்குப் பின்னணியாக அத்தனையும் வந்து நிற்கிறது. சாதாரண மனிதர்கள் எங்கே போனார்கள், என்ன விற்றார்கள், எந்தத் தெருவில் குடியிருந்தார்கள் என்பதை நம் ஊரில் யாரும் எழுதிவைப்பதில்லை. கொலை நடந்தால் போலீஸ் எழுதிவைக்கிறது. வக்கீல் குறுக்கு விசாரணை செய்து உறுதிப்படுத்துகிறார். வரலாற்று நூலிலிருந்து குற்ற நூலைப் பிரிக்கக்கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

"வேண்டியதுதான்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வார்த்தை என்னைத் தைத்தது. ஆளவந்தாரின் நடத்தையை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. பெண்களிடம் அவர் நடந்துகொண்ட விதம் பற்றி வழக்கில் வந்தது போதும். ஆனால் அவர் பக்கத்தைச் சொல்ல அவர் இல்லை. அவருக்குப் பழக்கமாகி, பிறகு கணவனோடு குற்றவாளிக் கூண்டில் நின்ற தேவகி சொன்னதும் சட்டத்தின் மொழியில் வடிகட்டித்தான் நமக்கு வந்து சேர்ந்தது. 1953இல் நீதிபதி பஞ்சாபகேச ஐயர், தேவகியின் கணவர் பிரபாகர மேனனுக்கு ஏழு வருடமும் தேவகிக்கு மூன்று வருடமும் கொடுத்தார். தலையை வெட்டிக் கடற்கரையில் புதைத்த வழக்கில் இவ்வளவுதான் தண்டனை. அன்றைய சென்னை, குடும்ப மானம் என்ற ஒன்றை எந்தத் தட்டில் வைத்து நிறுத்தது என்பதற்கு அந்த எண்களே சாட்சி. உங்களுக்கு எழுந்த அதே எண்ணம் 1953இல் பலருக்கும் எழுந்திருக்கிறது. எழுபது வருடம் கழித்தும் அது நமக்குள் அப்படியே எழுகிறதே என்று அங்கே கொஞ்சம் நின்று யோசித்திருக்கலாம் நீங்கள்.

லட்சுமிகாந்தன் நூலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அடித்துச் சொல்கிறார் என்பதால்தான் எனக்கு அது பிடிக்கவில்லை. 1944 நவம்பர் 8, வேப்பேரியில் கத்திக்குத்து. குத்துப்பட்டவர் ரிக்‌ஷா ஏறி வக்கீல் நண்பர் வீட்டுக்குப் போகிறார், பிறகு ஆஸ்பத்திரி, மறுநாள் மரணம். கொலைச் சதி என்று நடிகர்கள் தியாகராஜ பாகவதருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. அன்றைக்கு லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் மறுபடி விசாரிக்கச் சொல்ல, 1947 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. ஏவியது யார் என்பதற்கு நீதிமன்றத்தில் நிலைத்து நின்ற விடை இன்றுவரை கிடையாது. புது ஆவணம் ஒன்றும் காட்டாமல் கடைசி அத்தியாயத்தில் ஒருவரைக் கைகாட்டுவது, இரண்டு வருடத்துக்கும் மேல் சிறையில் கிடந்து வெளியே வந்தவர்களுக்கும் இறந்துபோனவருக்கும் சேர்த்துச் செய்கிற அநியாயம். உங்களுக்குக் கிடைத்த நிறைவை நான் கெடுக்கிறேன் என்று தெரிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்கள் சந்தேகம். இல்லை, 1964 டிசம்பர் 22 ராத்திரி கடல் கொண்டுபோனது போட் மெயிலை அல்ல. அது 653ஆம் எண் பாம்பன் – தனுஷ்கோடி பாசஞ்சர். அச்சிலேயே பல இடங்களில் இரண்டையும் குழப்பியிருக்கிறார்கள், உங்கள் தவறில்லை. தனுஷ்கோடி வரை போன தண்டவாளத்தையும் துறையையும் அந்தப் புயல் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குப் போயிற்று, 1980களில் இலங்கையில் போர் மூளும் வரை. போட் மெயில் என்று ஜனங்கள் கூப்பிடுகிற வண்டி இன்றும் எழும்பூரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ஓடுகிறது. மானாமதுரை வழியாகத்தான்.

அன்புடன்.