மதர்போர்டும் கூலரும்: முதலில் செயலியின் வாட் கணக்கைப் பாருங்கள்

கேள்வி: என் கணினியில் ரைசன் 5 2600 செயலி, பி450 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம் ஆகியவை உள்ளன. வீடியோ எடிட்டிங் வேலை கூடிவிட்டதால் ரைசன் 7 7700எக்ஸ் செயலிக்கு மாற நினைக்கிறேன். எந்த மதர்போர்டு வாங்கலாம்? வாட்டர் கூலர் கட்டாயம் தேவையா? இப்போதுள்ள ரேமையே பயன்படுத்த முடியுமா? என் கேபினட் 160 மி.மீ. உயரம் வரையுள்ள கூலரைத்தான் ஏற்கும்.

பதில்: பழைய ரேமைப் பயன்படுத்த முடியாது. 7700எக்ஸ் பொருந்தும் ஏஎம்5 சாக்கெட் (மதர்போர்டில் செயலி அமரும் இடம்), 2022இல் வெளிவந்த நாள் முதல் டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கிறது. ஆகவே செயலி, மதர்போர்டு, ரேம் மூன்றையுமே நீங்கள் மாற்ற வேண்டியிருக்கும். அவ்வளவு செலவுக்கு முன், மதர்போர்டை மாற்றத்தான் வேண்டுமா என்பதை ஒருமுறை யோசித்துப் பாருங்கள். பி450 மதர்போர்டுகளில் பெரும்பாலானவை, பயாஸை (கணினியைத் தொடக்கி வைக்கும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) புதுப்பித்தால் ரைசன் 5000 வரிசைச் செயலிகளை ஏற்கும். எட்டு கோர்கள் (செயலிக்குள் கணக்கிடும் தனித்தனி அலகுகள்) கொண்ட ரைசன் 7 5700எக்ஸ், உங்களிடம் உள்ள ஆறு கோர் 2600ஐப் போலவே 65 வாட் வகையைச் சேர்ந்தது என்பதால் போர்டின் மின்பகுதிக்குப் புதிய சுமை ஏதும் வராது. ஆனால் அதனுடன் கூலர் தரப்படுவதில்லை. 2600உடன் வந்த சிறிய கூலரை வைத்து ஒப்பேற்றவும் வேண்டாம். ரேமை 32 ஜிபியாக உயர்த்தி இந்த வழியில் சென்றால், எடிட்டிங்கில் நல்ல முன்னேற்றம் தெரியும். பயாஸைப் பழைய செயலி போர்டில் இருக்கும்போதே புதுப்பித்துவிடுங்கள். புதிய செயலியைப் பொருத்திய பிறகு திரையே வராமல் போகலாம்.

இன்னும் சில ஆண்டுகளுக்குப் பிறகு செயலியை மட்டும் மாற்றிக்கொள்ளும் வசதி வேண்டுமென்றால் ஏஎம்5 பக்கம் போவதில் நியாயம் இருக்கிறது. அப்போதும் 7700எக்ஸ் என்பதில் பிடிவாதமாக இருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. 7700எக்ஸின் அறிவிக்கப்பட்ட அளவு 105 வாட். ஆனால் முழுச் சுமையில் அது 142 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. எக்ஸ் இல்லாத 7700 செயலியின் அளவு 65 வாட், உச்ச வரம்பு 88 வாட். கோர்களின் எண்ணிக்கை இரண்டிலும் எட்டுதான். வேக வித்தியாசம், நிறுத்துக்கடிகாரம் வைத்து அளந்தால் தெரியுமே தவிர வேலையின் நடுவே உணரக்கூடியதன்று. மேலும் பெட்டியில் வரும் 7700உடன் ஓரளவு நல்ல கூலரும் சேர்ந்தே கிடைக்கிறது. 7700எக்ஸை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், பயாஸில் உள்ள, மின்சாரத்தைக் குறைத்துச் செலவிடும் ஈக்கோ மோடில் 65 வாட்டைத் தேர்ந்தெடுத்து ஏறக்குறைய அதே நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம்.

வாட்டர் கூலர் பற்றிய அச்சம் பெரும்பாலும் 95 டிகிரி என்ற எண்ணிலிருந்து பிறக்கிறது. ரைசன் 7000 வரிசையின் எக்ஸ் வகைச் செயலிகள், மின் வரம்பையோ 95 டிகிரியையோ தொடும் வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும்படி வடிவமைக்கப்பட்டவை. அந்த வெப்பநிலையைக் கண்டு கூலர் பழுதாகிவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது. 7700எக்ஸின் கோர்கள் அனைத்தும் சுமார் 70 சதுர மி.மீ. பரப்புள்ள ஒரே சில்லில் நெருங்கி அமைந்திருக்கின்றன. அதன் மேலுள்ள உலோக மூடியும், உங்கள் பி450 போர்டில் உள்ள பழைய ஏஎம்4 சாக்கெட்டுக்கான கூலர்கள் பொருந்த வேண்டும் என்பதற்காகத் தடிமனாகவே செய்யப்பட்டிருக்கிறது. வெப்பம் அந்தச் சிறு பரப்பைக் கடந்து கூலரின் அடித்தட்டை எட்டுவதே முதல் தடை என்பதால், எவ்வளவு பெரிய ரேடியேட்டரைப் பொருத்தினாலும் எதிர்பார்த்த அளவுக்குப் பயன் கிடைக்காது. 250 வாட்டைத் தாண்டி இழுக்கக்கூடிய இன்டெல் ஐ7-13700கே போன்ற செயலிகளுக்கு வாட்டர் கூலர் அர்த்தமுள்ள முதலீடு. உங்கள் தேவைக்கு, பம்ப் என்ற தேய்ந்துபோகக்கூடிய உறுப்பு ஒன்றைக் கணினிக்குள் கூடுதலாகக் கொண்டுவருவதைத் தவிர அது பெரிதாக எதையும் செய்துவிடாது.

120 மி.மீ. ஃபேனும் நான்கைந்து வெப்பக் குழாய்களும் கொண்ட ஒற்றைக் கோபுர ஏர் கூலர் போதும். இவற்றில் பல 150 முதல் 160 மி.மீ. உயரத்துக்குள் அடங்கும், இரட்டைக் கோபுரக் கூலர்களில் பல 165 மி.மீ. உயரம் என்பதால் உங்கள் கேபினட்டின் பக்கக் கதவு மூடாது. கூலரின் உயரத்தைப் பார்ப்பவர்கள் ரேமின் உயரத்தைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். அலங்கார விளக்குகளுடன் உயர்ந்து நிற்கும் ரேம் ஃபேனை முட்டினால், ஃபேனை மேலே தூக்கிப் பொருத்த நேரிடும். அப்போது 155 மி.மீ. கூலர் உங்கள் 160 மி.மீ. வரம்பைத் தாண்டிவிடக்கூடும். எனவே உயரம் குறைந்த ரேமையே வாங்குங்கள்.

மதர்போர்டைப் பொறுத்தவரை, 88 வாட்டோ 142 வாட்டோ எதுவாயினும் இடைநிலை பி650 போர்டே தாராளமாகத் தாங்கும். எக்ஸ்670க்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இணைப்பு வசதிகளுக்கானதே தவிர வேகத்துக்கானதன்று. செயலிக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் விஆர்எம் பகுதியில் எத்தனை ஃபேஸ் (மின்சாரத்தைப் பகிர்ந்து தரும் தனிச்சுற்று) என்று விளம்பரத்தில் எண்ணிக்கொண்டிருப்பதைவிட, அதன் மேல் வெப்பத்தை வெளியேற்றும் கனமான ஹீட்சிங்க் இருக்கிறதா, நீண்ட நேரச் சுமையில் அதன் வெப்பநிலை எவ்வளவு என்று அளந்து காட்டும் மதிப்பாய்வுகள் உள்ளனவா என்று பாருங்கள். புதிய வரிசையை நாடினால் பி850ஐ எடுங்கள். பெயரால் அதன் தம்பிபோலத் தோன்றும் பி840இல் செயலியை ஓவர்கிளாக் செய்ய, அதாவது அறிவிக்கப்பட்ட வேகத்துக்கு மேல் ஓட்ட, இயலாது, வசதிகளும் குறைவு.

எடிட்டிங் செய்பவர் என்பதால், வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகங்களைப் போர்டிலேயே பொருத்தும் எம்.2 இடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று இடங்கள் இருப்பதாகப் பெட்டியில் அச்சிட்டிருந்தாலும், சில போர்டுகளில் மூன்றாவதைப் பயன்படுத்தினால் ஹார்ட் டிஸ்க் போன்றவற்றுக்கான இரண்டு சாட்டா இணைப்புகளோ, கூடுதல் கார்டுகளுக்கான கீழேயுள்ள பிசிஐஇ இடமோ செயலிழந்துவிடும். இந்த விவரம் கையேட்டில் இருக்கும். கையேட்டைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து வாங்குவதற்கு முன்பே இறக்கிப் படித்துவிடலாம். ரேமை நான்கு துண்டுகளாக நிரப்பினால் டிடிஆர்5இன் வேகம் கணிசமாகக் குறைந்துவிடுவதால், இரண்டு 16 ஜிபி அல்லது இரண்டு 32 ஜிபி துண்டுகளே சரி. செயலி இல்லாமலேயே பென் டிரைவ் மூலம் பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான் உள்ள போர்டாக இருந்தால், பின்னாளில் புதிய செயலிக்கு மாறும்போது கைகொடுக்கும்.

பொருத்தும் நாளில் இரண்டு எச்சரிக்கைகள். ஏஎம்4இல், செயலிக்கும் கூலருக்கும் இடையே பூசப்பட்டுக் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட் செயலியைக் கூலரோடு ஒட்டவைத்துவிடுவதால், நேராக இழுத்தால் செயலியும் பிடுங்கிக்கொண்டு வந்து ஊசிகள் வளைந்துவிடலாம். கணினியைச் சில நிமிடங்கள் இயக்கிச் சூடேற்றி, அணைத்தபின் கூலரை மெதுவாக இருபுறமும் திருகிவிட்டு எடுங்கள். புதிய போர்டை முதன்முறை இயக்கும்போது டிடிஆர்5 ரேமை அது பழக்கிக்கொள்ளும் வரை திரை கறுப்பாகவே இருக்கும். இதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம் என்பதால், ரேம் பழுது என்று எண்ணி உடனே அதைக் கழற்றத் தொடங்காதீர்கள்.