புள்ளிக்குப் பிறகு ஒரு சைபர்

கேள்வி: குமுளிக்கு மேலே எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. உலர்ந்த காய் 2 கிலோ 75 கிராம் போட்டோம், கிலோ 2400 ரூபாய். கடையில் 4980 ரூபாய் கொடுத்தார்கள். ஏழாவது படிக்கிற மகள் 6600 வரவேண்டும் என்கிறாள். யார் கணக்கு சரி?
- வாசகி, கம்பம்

பதில்: கடைக்காரர் கணக்குதான் சரி அம்மா. உங்கள் மகளுக்குப் பெருக்கல் நன்றாகவே வருகிறது, எடையை 2.75 என்று எழுதியதில்தான் தவறு. கிலோவுக்கு 1000 கிராம் என்பதால் புள்ளிக்குப் பிறகு முதல் இடம் நூறு கிராமுக்கு, இரண்டாவது பத்து கிராமுக்கு, மூன்றாவது ஒரு கிராமுக்கு. 75 கிராமில் நூறே இல்லை, ஆகவே அந்த இடத்தில் சைபர் போட்டு 2.075 என்று எழுத வேண்டும். 2.75 என்றால் 2 கிலோ 750 கிராம்! ஏலக்காய் விற்கிற விலைக்கு அந்த ஒரு சைபர் 1620 ரூபாய்.

பிள்ளைகள் இதில் தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. 2 ரூபாய் 75 காசும் 2.75தான், 2 ஏக்கர் 75 சென்ட்டும் 2.75தான், ஏனென்றால் அங்கே ஒன்றுக்கு நூறு. மணிக்கணக்கு இன்னும் மோசம், 2 மணி 30 நிமிடம் என்பது 2.5 மணி, 2.30 இல்லை. எத்தனை சேர்ந்தால் ஒன்று என்று முதலில் கேட்கப் பழக்குங்கள், அப்புறம் புள்ளி வைக்கட்டும்.

அடுத்த முறை தராசுக்குப் பக்கத்தில் நிற்கும்போதே மனக்கணக்காகப் போட்டுவிடலாம். 2 கிலோவுக்கு 4800. நூறு கிராமுக்கு 240, அதில் முக்கால் பங்கு 180. மொத்தம் 4980.

கேள்வி: பெருக்கினால் கூடத்தானே வேண்டும்? 0.75ஐ 0.5ஆல் பெருக்கினால் 0.375 என்று குறைகிறதே?
- வாசகர், வண்டிப்பெரியாறு

பதில்: ஒன்றைவிடப் பெரிய எண்ணால் பெருக்கினால்தான் கூடும். அரை ஏக்கரில் முக்கால் பங்குக்குக் கன்று வைக்கிறீர்கள் என்றால் 50 சென்ட்டில் முக்கால், அதாவது 37.5 சென்ட், ஏக்கரில் சொன்னால் 0.375. பங்கில் பங்கு எடுத்தால் குறையத்தானே செய்யும்! பள்ளியில் 75ஐ 5ஆல் பெருக்கி 375 எழுதி, மூன்று இடம் தள்ளிப் புள்ளி வை என்று மட்டும் சொல்லிக் கொடுத்து விட்டுவிடுகிறார்கள், அது எனக்குப் பெரிய வருத்தம். முதலில் சென்ட்டில் போட்டுக் காட்டுங்கள், புள்ளி எங்கே விழும் என்று பிள்ளையே சொல்லிவிடும்.